பிச்சைக்கு உதவாத கைகள்: வேலூர் தொழுநோய்ப் பணி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சபைகளில் ஊழியத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும்போது பெரும்பாலும் கொடுத்தவர் பக்கத்திலிருந்துதான் சொல்கிறோம். அவர் எதை விட்டுவிட்டு வந்தார், எவ்வளவு பாடுபட்டார், யாரும் தொடாதவர்களை எப்படித் தொட்டார் என்று. பெற்றுக்கொண்டவருக்கு அப்புறம் என்ன ஆனது, அடுத்த வருஷம் அவர் எங்கே இருந்தார், எதைச் செய்து பிழைத்தார் என்பது கதையில் வருவதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1947க்குப் பிறகு நடந்த தொழுநோய் அறுவை சிகிச்சைப் பணியையும் நாம் அப்படித்தான் சொல்லிவருகிறோம். அதைத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்டின் தியாகம் என்று ஆரம்பித்து, அவருக்குக் கிடைத்த விருதுகளில் முடித்துவிடுகிறோம். இந்த ஆய்வில் அதே நிகழ்வை எதிர்முனையிலிருந்து, அதாவது நோயாளியின் கையிலிருந்து பார்க்க முயல்கிறேன். அப்படிப் பார்த்தால் அங்கே நடந்ததில் பாதிக்கு மேல் கண்டுபிடிப்பும் திருத்திக்கொள்ளுதலும்தான் என்று தெரிகிறது.

அதற்கு முன் இருந்த நிலை

1898இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த தொழுநோயாளிகள் சட்டம், ஆதரவற்ற நோயாளிகளைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வழிசெய்தது. அந்தக் காப்பகங்களில் பலவற்றை நடத்தியவர்கள் மிஷனரிகள். 1874இல் வெல்லெஸ்லி பெய்லி தொடங்கிய தொழுநோயாளிகளுக்கான மிஷன் இந்தியா முழுக்கப் பரவியிருந்தது. வீட்டார் துரத்திவிட்டவர்களுக்குச் சோறும் கூரையும் கட்டுத்துணியும் கொடுக்க அன்று வேறு யாரும் இல்லை. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் பல பத்தாண்டுகள் காயங்களுக்குக் கட்டுப் போட்டவர்களில், இந்தக் காயம் ஏன் வருகிறது என்று முறையாக ஆராய்ந்தவர்கள் மிகக் குறைவு. கையும் காலும் அழுகி விழுவது இந்த நோயின் குணம் என்று மருத்துவர்களும் நம்பினார்கள், நோயாளிகளும் நம்பினார்கள்.

பயமும் இருந்தது. பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவலின் இருவரும் அங்கே மிஷனரிகள். அவர் சிறுவனாக இருந்தபோது தொழுநோயாளிகள் மூன்று பேர் மலையேறி வந்தார்கள். மற்ற நோயாளிகளை வெறும் கையால் தொட்டு வைத்தியம் பார்க்கும் அப்பா அன்று கையுறை மாட்டிக்கொண்டு அவர்களுடைய காயங்களைக் கழுவிக் கட்டினார். அவர்கள் போனபிறகு, உணவு வைத்துக் கொடுத்த கூடை எரிக்கப்பட்டது. குழந்தைகள் அந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று உத்தரவு. ஜெஸ்ஸி பிராண்ட் கோழை அல்ல. மலைக்காய்ச்சல் பகுதியிலேயே வாழ்ந்து 1929இல் அங்கேயே இறந்தவர். அப்படிப்பட்டவரையே இந்த நோய் கையுறை போட வைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்பு குறைந்ததால் வந்த பயம் அல்ல இது, அறிவு போதாததால் வந்தது. வெறும் மனவுருக்கத்தால் இதைப் போக்க முடியாது.

செங்கல்பட்டில் கேட்ட கேள்வி

பிராண்ட் ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார். உடனே மருத்துவத்துக்குப் போகவில்லை. சில வருஷம் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றார். மிஷனரியாகப் போய் வீடு கட்டிக் கொடுக்கலாம் என்று எண்ணம். பிறகுதான் லண்டனில் மருத்துவம் படித்து, போர்க்காலத்தில் குண்டுவீச்சில் அடிபட்டவர்களின் கை கால்களைச் சீர்செய்து பழகினார். 1946 முடியும் தறுவாயில் வேலூர் வந்துசேர்ந்தார். அவரை அழைத்தவர் அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) முதல்வராக இருந்த ராபர்ட் காக்ரேன். தொழுநோயில் அன்று உலகமே மதித்த நிபுணர்.

காக்ரேன் அவரை செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். தோலில் உள்ள படைகளைக் காட்டி காக்ரேன் விளக்கிக்கொண்டே போக, பிராண்டின் கண் போனதெல்லாம் கைகளின் மேல். மடங்கிய விரல்கள், விரலே இல்லாத கைகள். இவர்களுக்கு எலும்பு மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். ஒருவரும் பார்ப்பதில்லை, நீங்கள்தானே எலும்பு மருத்துவர், நீங்களே சொல்லுங்கள் என்ற மாதிரி காக்ரேன் பதில் சொன்னார். போலியோவும் விபத்தும் சேர்ந்தாலும் வராத அளவு ஊனம் இந்த நோயால் வருகிறது, அதை ஆராய ஒருவரும் இல்லை என்பது அவருடைய நெடுநாள் ஆதங்கம்.

பிராண்ட் ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, முடிந்தவரை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். சுருண்டு போன அந்தக் கையில் பலம் இருக்காது என்று நினைத்திருந்தார். பிடித்த பிடியில் நகம் சதைக்குள் இறங்கி, வலியில் கையை இழுத்துக்கொண்டார். கை செயலிழந்ததுபோல் தெரிகிறது, ஆனால் உள்ளே பல தசைகள் முழுப் பலத்தோடு இருக்கின்றன. சரி, அப்படியானால் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை?

அதற்குப் பதில் தேடியது சலிப்பூட்டும் வேலை. அவரும் குழுவினரும் செங்கல்பட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், ஒவ்வொரு நோயாளியின் ஒவ்வொரு விரலையும் அசைக்கச் சொல்லி, எந்தத் தசை உயிரோடு இருக்கிறது, எங்கே உணர்ச்சி இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். பட்டியல் நீள நீள ஓர் ஒழுங்கு புலப்பட்டது. முழங்கையில் இடித்துக்கொண்டால் சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்குமே, அந்த உல்னார் நரம்பு ஏறக்குறைய எல்லோருக்கும் பாதிக்கப்பட்டிருந்தது. கட்டைவிரலை இயக்கும் நரம்பு மணிக்கட்டுப் பக்கத்தில் சிலருக்குக் கெட்டிருந்தது. ஆனால் முன்கையின் பல தசைகள் அநேகமாக எல்லோருக்கும் நன்றாக இருந்தன. தோலுக்கு அருகில், உடல் சூடு குறைவாக இருக்கும் இடங்களில் போகும் நரம்புகளைத்தான் இந்தக் கிருமி அதிகம் தாக்குகிறது என்பது பிறகு தெளிவானது. அறுவை சிகிச்சைக்கு இது பெரிய செய்தி. கெட்டுப்போன தசையின் வேலையைச் செய்ய, கெடாத தசை ஒன்று நிச்சயம் கிடைக்கும்.

'கெட்ட சதை'

1948இல் முதல் சிகிச்சைகள் தொடங்கின. நல்ல தசை ஒன்றின் நாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதியை, பிரித்தெடுத்து, உள்ளங்கை வழியாகக் கொண்டுபோய் வேறு விரல்களில் தைப்பது. மூன்று நான்கு வாரம் மாவுக்கட்டு. அதன்பிறகு பிஸியோதெரபி, இதுதான் கஷ்டமான கட்டம். நேற்றுவரை மோதிர விரலை மடக்கிய தசை இன்று வேறு வேலை செய்ய வேண்டும், மூளை அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். முதலில் சிகிச்சை பெற்ற இளைஞர் சோற்றைப் பிசைந்து எடுத்துத் தானே சாப்பிட்டார். மேஜைக் கரண்டி பழக்கமுள்ள நாட்டுக்காரருக்கு இதன் கனம் எவ்வளவு புரிந்திருக்குமோ தெரியாது. கொல்லிமலையில் வளர்ந்த பிராண்டுக்குப் புரிந்தது.

இடப் பிரச்சினை வேறு. பொது வார்டில் தொழுநோயாளியைப் படுக்க வைத்தால் மற்ற நோயாளிகள் எழுந்து போய்விடுவார்கள் என்ற அச்சம் கிறிஸ்தவ மருத்துவமனைக்குள்ளும் இருந்தது. 'ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்' என்ற மத்தேயு 20:28 வசனத்திலிருந்து குறிக்கோளை எடுத்துக்கொண்ட நிறுவனம் சிஎம்சி. ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது. அங்கேயே இப்படியென்றால், குறிக்கோள் வாசகம் சுவரில் இருப்பதற்கும் வார்டில் நடப்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளலாம். பணி சிறிய தனியிடம் ஒன்றில்தான் தொடங்கியது.

இதற்குள் இன்னொரு கேள்வி முளைத்தது. சரிசெய்த கையில் புண் வந்து விரல் குட்டையானால் என்ன பயன்? தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அது ஆறாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மாவுக்கட்டுக்குள் அசையாமல் இருந்த கையிலும் காலிலும் புண்கள் ஒழுங்காக ஆறின. அப்படியானால் சதை நல்ல சதைதான். வெளியிலிருந்து ஏதோ அதைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்துகிறது.

நோயாளிகளும் மருத்துவர்களும் சேர்ந்து ஒரு துப்பறியும் வேலையில் இறங்கினார்கள். எந்தக் கொப்புளமும் காரணம் தெரியாமல் போகக் கூடாது என்று விதி. காரணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறும் கையால் இறக்கியது. விரல் சுடும்வரை பீடி பிடித்தது. சுத்தியல் பிடியில் இருந்த சிலாம்பு தெரியாமல் மணிக்கணக்கில் வேலை செய்தது. பிராண்டால் திருப்ப முடியாத துருப்பிடித்த பூட்டைச் சிறுவன் ஒருவன் சுலபமாகத் திருப்பிவிட்டான். சாவி அவன் விரலை எலும்புவரை அறுத்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. நாம் வலிக்கும்போது பிடியைத் தளர்த்துகிறோம். வலி இல்லாதவர்கள் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமலே அழுத்துகிறார்கள். நோய் விரலைத் தின்னவில்லை. வலியை எடுத்துக்கொண்டது, மீதியை அன்றாட வாழ்க்கை செய்தது.

எல்லாக் காரணமும் பிடிபட்ட பிறகும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. இரவில் முழுதாக இருந்த விரலில் காலையில் ஒரு துண்டைக் காணோம். விடிய விடிய விழித்திருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எலி. தூங்குகிறவருக்குக் கடிப்பது தெரியாது. உடனே பூனைகள் கொண்டுவரப்பட்டன. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களும் ஒரு பூனையைக் கொண்டுபோக வேண்டும் என்பது நடைமுறையானது.

இந்த நிகழ்வு முழுவதிலும் என்னை அதிகம் யோசிக்கவைத்த இடம் இதுதான். நூற்றாண்டுகளாக 'சாபம்', 'கர்மம்', 'தேவகோபம்' என்று பெரிய பெரிய விளக்கங்கள் சொல்லப்பட்ட ஒரு விஷயத்தின் ஒரு பகுதிக்குத் தீர்வு பூனை. பக்கத்தில் உட்கார்ந்து விழித்திருந்து பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நம்முடைய பிரசங்கங்களில் மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு கையை நீட்டித் தொழுநோயாளியைத் தொட்டதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தொட்டபிறகு உற்றுப் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகத்தான் பேசுகிறோம்.

கை சரியானது, பிழைப்பு போனது

இந்த இடத்தில் ஊழியக் கதையாக இருந்தால் முடித்துவிடலாம். வேலூரில் முடியவில்லை. முதலில் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர் சில மாதம் கழித்து வாடி வதங்கித் திரும்பி வந்தார். கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிச்சைக்கு அது உதவவில்லை. சுருண்ட கையைப் பார்த்து இரங்கிக் காசு போட்டவர்கள் நேரான கையைப் பார்த்துப் போடவில்லை. முகத்திலும் தோலிலும் நோயின் அடையாளம் இருந்ததால் வேலையும் கிடைக்கவில்லை, வாடகைக்கு அறையும் கிடைக்கவில்லை. அவரிடமிருந்த ஒரே பிழைப்பைச் சிகிச்சை பறித்துவிட்டது. பிராண்ட் இதைப் பிற்காலத்தில் மறைக்காமல் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நல்லெண்ணத்தோடு செய்த உதவி, பெற்றவரை முன்பைவிட மோசமான நிலையில் விட்டது. இப்படி ஆகும்போது 'நன்றி கெட்டவன்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் ஊழியங்களை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே அந்தக் குறையைச் சிகிச்சையின் குறையாக எடுத்துக்கொண்டார்கள். வயதான மிஷனரி அம்மா ஒருவர் கொடுத்த 500 பவுண்டை வைத்து, 1951இல் பாகாயத்தில் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவன நிலையம் என்ற சிறு குடியிருப்பு உருவானது. மண் சுவரும் வெள்ளையடித்த குடிசைகளும்தான். நகர மருத்துவமனை மாதிரி சிமென்ட் தரையில் வாழப் பழக்கினால் ஊருக்குப் போய் எப்படி வாழ்வார்கள் என்பது யோசனை. விறகடுப்பு, மண்வெட்டி, கிணற்றுக் கயிறு எல்லாவற்றையும் உணர்ச்சியில்லாத கையோடு காயமில்லாமல் கையாளக் கற்றுக்கொள்ளும் இடம் அது.

லண்டனில் வீணாகப் போனதாகப் பிராண்ட் வருந்திய தச்சு வருஷங்கள் இங்கே கைகொடுத்தன. பட்டறை போட்டு மரப் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தார். கருவிகளின் பிடிகள் விரலுக்கு ஏற்றபடி தடிமனாக, வழவழப்பாக மாற்றப்பட்டன. தினமும் வேலை முடிந்ததும் கைகளைக் காட்ட வேண்டும். ஒருவர் கையை மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தான் உணராத காயத்தைப் பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடிப்பார்.

முகத்தையும் விடவில்லை, வேலை கிடைப்பதற்கு முகம் தடையாக இருந்ததால். அமுங்கிய மூக்கு நிமிர்த்தப்பட்டது. உதிர்ந்த புருவத்துக்குப் பதிலாகத் தலைமுடியுள்ள தோலைத் துண்டாக எடுத்து வைத்தார்கள். தலைமுடி ஆகையால் அது வளர்ந்துகொண்டே போகும், வெட்டிவிட வேண்டும். சிலர் வெட்டாமல் பெருமையாகப் புதராக வளர்த்துக்கொண்டார்களாம். எத்தனை வருஷம் புருவமில்லாமல் இருந்தவர்கள், அவர்கள் இஷ்டம். பிராண்டின் மனைவி மார்கரெட் கண் மருத்துவர். இமை மூடாததால் கண் காய்ந்து பார்வை போவதைத் தடுக்க, மெல்லுகிற தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைத்தார்கள். வாயை அசைத்தால் கண் சிமிட்டும். அதற்காக அடிக்கடி மெல்லச் சொல்லிக்கொடுத்தார்கள்.

சேவை பெற்றவர் எழுந்து நின்ற விதம்

டாக்டர் மேரி வர்கீஸ் கொச்சியைச் சேர்ந்தவர், சிஎம்சியில் படித்த இளம் மருத்துவர். 1954 ஜனவரியில் ஒரு வாகன விபத்தில் முகம் சிதைந்தது, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. மருத்துவ வாழ்க்கை முடிந்தது என்று அவரே நினைத்தார். அவர் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று பிராண்ட் சொன்னபோது சுற்றியிருந்தவர்கள் நம்பவில்லை. அதற்குப் பின்னால் எளிமையான கணக்கு ஒன்று இருந்தது. கை அறுவை சிகிச்சையை மருத்துவர் உட்கார்ந்துதான் செய்கிறார். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏன் செய்யக் கூடாது?

அவர் செய்தார். தொழுநோயாளிகளின் கைகளுக்கு. நடக்க முடியாத மருத்துவர் தங்கள் விரல்களைச் சரிசெய்கிறார் என்பதை அந்த நோயாளிகள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று விவரிக்கத் தேவையில்லை. அதோடு அவர் நிற்கவில்லை. நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1963இல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார், 1966இல் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. முதுகெலும்பு முறிந்தவர்களுக்காக இந்தியாவில் முதலில் எழுந்த மையங்களில் ஒன்று அது. 1972இல் பத்மஸ்ரீ.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிறிஸ்தவ சேவையைப் பற்றிய நம் பேச்சில் கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம் என்று கோடு போட்டுவிடுகிறோம். வேலூரில் அந்தக் கோடு நிற்கவில்லை. காயத்தின் காரணத்தைக் கண்டுபிடித்ததில் நோயாளிகள் பங்காளிகள். அவர்களில் சிலர் பின்னர் அங்கேயே வேலைக்கு அமர்ந்தார்கள்.

சில சங்கடமான கேள்விகள்

இந்த நிகழ்வைக் குறையே இல்லாததுபோல் வைப்பது நியாயமல்ல. ஒன்று, எல்லாப் புகழும் ஒரு வெள்ளைக்கார மருத்துவர் பெயரில் போய்ச் சேருகிறது. காக்ரேன் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போயிருக்காவிட்டால், பிஸியோதெரபி செய்தவர்கள் மாதக்கணக்கில் விரல்களைப் பழக்கியிருக்காவிட்டால், அறுவை சிகிச்சை மருத்துவர் எர்னஸ்ட் ஃப்ரிட்ஷி போன்றவர்கள் பல பத்தாண்டுகள் இதே வேலையைத் தொடர்ந்திருக்காவிட்டால், பிராண்டின் ஊசி நூல் மட்டும் எதையும் சாதித்திருக்காது. இன்னொன்று மதமாற்றம். சிகிச்சை பெற்றவர்களில் சிலர் கிறிஸ்தவர்களானார்கள், அவை சாட்சிகளாகவும் சொல்லப்படுகின்றன. வீடும் ஊரும் கைவிட்ட மனிதர், தன்னை ஏற்றுக்கொண்ட ஒரே இடத்தின் நம்பிக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தத் தேர்வு எவ்வளவு சுதந்திரமானது என்று யாராவது கேட்டால், அது கேட்கத் தகுந்த கேள்விதான். அதனால்தான் இந்தப் பணியை அளக்க ஞானஸ்நானக் கணக்கை நான் எடுத்துக்கொள்ளவில்லை. கை வேலை செய்கிறதா, அவர் சம்பாதிக்கிறாரா என்பதே போதுமான அளவுகோல்.

பிராண்ட் போன பிறகு

1966இல் பிராண்ட் குடும்பம் அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய்விட்டது. வேலூரில் வேலை நிற்கவில்லை. 1955இலேயே வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியிருந்தது. வறண்ட கற்பூமி அது, ஃப்ரிட்ஷி மரம் வைத்தே அதைக் காடாக்கினார். பல நாடுகளின் அறுவை சிகிச்சை நிபுணர்கள் அங்கே வந்து கற்றுப் போனார்கள். கால் புண்ணைத் தடுக்க அங்கே பயன்பட்ட மென்மையான எம்சிஆர் (நுண்துளை) ரப்பர் செருப்பு இப்போது சர்க்கரை நோயாளிகளுக்காகக் கடைகளில் தொங்குகிறது. பாதத்தில் உணர்ச்சி போன பிறகு வரும் ஆபத்து இரண்டு நோயிலும் ஒன்றுதான்.

1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. 2005 முடிவில் தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒரு தொழுநோயாளிக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எட்டியது. 1898ஆம் வருஷத்துச் சட்டம் நீக்கப்பட்டது 2016இல்தான். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்ட முடியாது என்று சட்டம் திருத்தப்பட்டது 2019இல். தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையை இன்று தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாகச் செய்கிறார்கள். கட்டோடு கிடக்கும் நாட்களில் போகிற கூலிக்கு ஈடாக நோயாளிக்கு உதவித்தொகையும் உண்டு. சபை சார்பில் யாரையாவது சிகிச்சைக்கு அனுப்புகிறவர்கள் அந்தத் தொகைக்கான விண்ணப்பத்தையும் சேர்த்தே பார்த்துவிடுவது நல்லது. வங்கிக் கணக்கு இல்லாமல் அது தாமதமாகலாம். மாவுக்கட்டு பிரித்த பிறகு பிஸியோதெரபிக்கு வந்துபோக பஸ் காசுக்கும் யாராவது பொறுப்பெடுக்க வேண்டியிருக்கும்.